'இன்னும் ஒண்ணே ஒண்ணு'

நம் வீடுகளில் 'போதும்' என்ற சொல்லுக்கு மரியாதை கிடையாது. வேண்டாம் என்றாலும் தட்டில் இன்னொரு இட்லியை வைப்பதற்குப் பெயர் உபசாரம். எடை குறைய இரைப்பையில் பேண்ட் போட்டுக்கொண்டவரிடமும் அப்படிச் செய்வது உபசாரம் அல்ல, உபத்திரவம்.

இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி ஒரு சிலிக்கான் வளையம். அதற்கு மேலே இருப்பது 15 முதல் 30 மில்லி பிடிக்கும் சின்னப் பை. சாப்பாடு அதிலிருந்து மெதுவாகத்தான் கீழே இறங்கும். ஆகவே ஒரு வேளைக்கு அரை கப் என்பது கஞ்சத்தனம் இல்லை, அதுதான் அளவு. முதலில் முட்டையோ மீனோ பருப்போ. நன்றாக மென்று, 20 நிமிடம். நடுவில் தண்ணீர் கூடாது. மீறித் திணித்தால் வாந்தி. அது தொடர்ந்தால் வளையம் நழுவலாம், மறுபடி ஆபரேஷன்.

'சரி, பாயசமாவது குடியேன்' என்பார்கள். அது இன்னும் மோசம். திரவம் வளையத்தைச் சுலபமாகத் தாண்டிவிடும். பசி அடங்காது, சர்க்கரை மட்டும் சேரும்.

பிறகு எடை குறையாவிட்டால், 'இத்தனை செலவு பண்ணியும் வாயைக் கட்டத் தெரியலையே' என்று பேசுவதும் இவர்கள்தான்!

அன்பு இருந்தால் சின்னத் தட்டு வையுங்கள். 'போதும்' என்றால் கரண்டியைக் கீழே வையுங்கள்.