ஜப்பானில் நிலம் அதிர்ந்தால்: ஊரில் இருக்கும் சொந்தங்களுக்கு ஒரு வேண்டுகோள்



டோக்கியோவின் எடோகவா வட்டாரத்திலும் யோகொஹாமாவிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் சில சேர்ந்து இதை எழுதுகிறோம். கணினி வேலை, ஆராய்ச்சிப் படிப்பு, உணவக வேலை, முதியோர் பராமரிப்பு என்று ஆளுக்கொரு காரணத்தால் இங்கே வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். ஜப்பானில் மகனோ மகளோ பேரப்பிள்ளையோ இருக்கிற எல்லா வீடுகளுக்கும் சேர்த்தே இந்த வேண்டுகோள். நாங்கள் கேட்பது இதுதான்: இங்கே நிலநடுக்கம், சுனாமி என்று டிவியில் செய்தி ஓடத் தொடங்கியதும் எங்களைப் போனில் கூப்பிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதிவிட்டுக் காத்திருங்கள்.

பெற்ற வயிற்றிடம் போய் இப்படிச் சொல்லலாமா என்று தோன்றும். ஏன் கேட்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

2011 மார்ச் 11 அன்று தொஹோகு பகுதிக் கடலடியில் 9.0 அளவு நிலநடுக்கம் வந்தபோது இங்கே பிற்பகல் 2.46, ஊரில் காலை 11.16. செல்போன் நிறுவனங்கள் குரல் அழைப்புகளில் 70 முதல் 95 விழுக்காடு வரை மறித்து வைத்தன. தீயணைப்பு, ஆம்புலன்ஸ் போன்ற அழைப்புகளுக்கு வழி விட வேண்டியிருந்தது. எழுத்துச் செய்தியும் மின்னஞ்சலும் போகிற டேட்டா பாதையில் அந்தக் கட்டுப்பாடு 30 விழுக்காட்டைத் தாண்டவில்லை. அதாவது, கூப்பிட்டவர்களுக்குக் கிடைக்காத லைன் எழுதியவர்களுக்குக் கிடைத்தது. டோக்கியோவில் அன்று ரயில்கள் நின்றுவிட்டன. வீடு திரும்ப முடியாமல் தலைநகர்ப் பகுதியில் சிக்கியவர்கள் 50 லட்சம் பேருக்கு மேல் என்று அரசு பிறகு மதிப்பிட்டது. எங்களில் அன்று இங்கே இருந்தவர்களும் அந்தக் கூட்டத்தோடு நடந்தார்கள். பச்சை நிறப் பொதுத் தொலைபேசிகளின் முன்னால் நீள நீளமான வரிசைகள். கையில் இருந்த போனிலோ ஊர் அழைப்பு எப்போதாவது ஒன்று உள்ளே நுழையும், "ஹலோ" சொல்வதற்குள் அறுந்துவிடும். ஒவ்வொரு முறையும் திரை எரிந்து அணையும், சார்ஜ் ஒரு கோடு இறங்கும். பெரியப்பா, சித்தி, மச்சினன், கூடப் படித்தவன் என்று எல்லோரும் கேட்க நினைத்தது ஒரே கேள்வியைத்தான். அதற்கு ஒரே பதிலை ஒருவருக்குச் சொல்லியிருந்தால் போதும்.

சுனாமி என்றதும் அம்மாவின் கை போனைத் தேடுவதை நாங்கள் குறை சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26 காலை, நம் நேரப்படி 6.28-க்கு சுமத்ரா அருகே கடலடி பிளந்தது. நாகப்பட்டினத்தில் அலை ஏறுவதற்கு முன் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தும், கரையில் இருந்தவர்களை எழுப்ப ஒரு தகவலும் வரவில்லை. அந்த நினைவு இருக்கிற மண்ணில் யாராலும் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. ஆனால் இங்கே நிலநடுக்கம் வந்து சுமார் 3 நிமிடத்தில் வானிலை முகமை சுனாமி எச்சரிக்கை விடுத்துவிடும். ஒலிபெருக்கி அலறும், போன் தானாகக் கத்தும். அப்போது எங்களுக்குத் தேவை தகவல் அல்ல, மேட்டுக்கு ஏறும் நேரமும் காலியான இரண்டு கைகளும்தான்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். "ஸ்கூலுக்குப் போய்ப் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வந்திடு" என்று ஊரிலிருந்து வரும் பாசமான கட்டளை உயிருக்கே ஆபத்து. சன்ரிகு கடற்கரை மக்களிடம் தெந்தென்கோ என்று ஒரு வழக்கம் உண்டு. சுனாமி என்றால் யாரும் யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது, அவரவர் இருக்கும் இடத்திலிருந்து மேட்டுக்கு ஓட வேண்டும். கேட்கக் கொடூரமாக இருக்கும். ஆனால் மற்றவரும் ஓடியிருப்பார் என்று குடும்பத்துக்குள் முன்பே பேசி வைத்த நம்பிக்கையில்தான் அது நிற்கிறது. கமாய்ஷி நகரில் இதைப் பள்ளியிலேயே பழக்கியிருந்தார்கள். 2011-இல் உனோசுமாய் பகுதியில் நடுநிலைப் பள்ளி மாணவர்கள் ஓட, அவர்களைப் பார்த்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளும் ஓட, முதலில் ஒதுங்கிய இடமும் போதாது என்று இன்னும் மேலே ஏறிப் பிழைத்தார்கள். அந்நகரப் பள்ளிப் பிள்ளைகள் ஏறக்குறைய 3,000 பேர் உயிரோடு இருந்தார்கள். வீட்டாரைத் தேடித் தாழ்வான தெருவுக்குத் திரும்பிப் போனவர்களில் பலர் திரும்பி வரவில்லை. எச்சரிக்கை நேரத்தில் பேரப்பிள்ளை ஆசிரியர்களோடு இருந்தால், அவர்கள் எங்கே கூட்டிப்போகிறார்களோ அங்கேயே இருக்கட்டும்.

செய்தியைப் பார்க்கும்போது ரிக்டர் எண்ணை மட்டும் பார்த்துப் பதற வேண்டாம். நிலநடுக்கத்தின் மொத்த அளவு வேறு, ஓர் ஊர் எவ்வளவு குலுங்கியது என்பது வேறு. குலுக்கத்துக்கு ஜப்பானில் ஷிண்டோ என்று 0 முதல் 7 வரை தனி அளவுகோல் இருக்கிறது. 2011-இல் மியாகி மாகாணத்தின் குரிஹாராவில் 7, டோக்கியோவில் "வலுவான 5". என்எச்கே வேர்ல்டு ஆங்கில ஒளிபரப்பில் ஊர்வாரியாக இதைக் காட்டுவார்கள். சுனாமிக்கும் மூன்று படிகள் உண்டு: 1 மீட்டர் வரை அறிவுறுத்தல், 3 மீட்டர் வரை எச்சரிக்கை, அதற்கு மேல் பெரும் எச்சரிக்கை. ஆகவே உங்கள் பிள்ளை எந்த மாகாணத்தில், எந்த நகரத்தில், கடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதை இன்றே கேட்டு எழுதி வையுங்கள். "ஜப்பானில் இருக்கான்" என்பது "இந்தியாவில் இருக்கான்" என்பதுபோலத்தான்.

2025 ஜூலை 30 அன்று ரஷ்யாவின் கம்சாத்காவில் 8.8 அளவு நிலநடுக்கம் வந்தபோது ஊரில் விடியவில்லை, மணி ஐந்துகூட ஆகவில்லை. இங்கே முதலில் அறிவுறுத்தல், ஒரு மணி நேரம் கழித்து அது எச்சரிக்கையாக உயர்ந்தது. கடைசி அறிவுறுத்தலும் விலக மறுநாள் மாலை ஆகிவிட்டது. முதல் அலை சிறியதாக வந்து போனதும் "ஆபத்து தாண்டியாச்சு" என்று டிவி பார்த்துவிட்டுச் சொல்லாதீர்கள். பின்னால் வருவது பெரிதாக இருக்கலாம். (அந்த மாதம் முழுக்க ஒரு மங்கா படக்கதைப் புத்தகத்தின் ஜூலைப் பேரழிவு ஜோசியம் குடும்பக் குழுக்களில் சுற்றிக்கொண்டிருந்தது. அது அடிப்படையற்றது என்று வானிலை முகமை சொல்லியும் நிற்கவில்லை. அதை அனுப்பிய மாமாக்களை நாங்கள் மன்னித்துவிட்டோம். பழைய 2011 வீடியோக்களைப் புதியது என்று அனுப்புகிறவர்களை மன்னிப்பதுதான் கொஞ்சம் கஷ்டம்.)

எங்களிடமிருந்து வரும் செய்தி இப்படி இருக்கும்: "நடுக்கம் வந்தது. மூவரும் நலம். எடோகவா வீட்டில் இருக்கிறோம். சார்ஜ் குறைவு. ராத்திரி 8 மணிக்கு எழுதுகிறேன்." யார் யார், எங்கே, அடுத்த செய்தி எப்போது என்ற மூன்றும் அதில் இருக்கும். அதை வாங்கிக்கொள்ள வீட்டுக்கு ஒருவரை இப்போதே முடிவு செய்யுங்கள். தம்பியோ அக்காவோ, போனைக் கையில் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் சரி. மற்ற எல்லோரும் அவரைக் கேளுங்கள்.

பதிலே வராவிட்டால்? மின்சாரம் போனால் செல்போன் கோபுரங்கள் சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். 2024 புத்தாண்டு நாளில் நோட்டோ தீபகற்பம் குலுங்கியபோது வாஜிமா, சுசு பக்கம் பல நாள் தொடர்பு அறுந்திருந்தது. சாலை பிளந்து வண்டி போக முடியாததால், கடலில் ஒரு கப்பலை நிறுத்தி அதன் மேலிருந்து அலைவரிசை கொடுத்தார்கள். எனவே ஒரு நாள் மௌனத்தை அமங்கலமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்குப் பிறகும் தகவல் இல்லையென்றால் பக்கத்து வீட்டு நண்பர், வேலை செய்யும் நிறுவனம், பிறகு டோக்கியோவில் உள்ள இந்தியத் தூதரகம் என்று போங்கள். இங்கே பல நிறுவனங்கள் நிலநடுக்கம் வந்ததும் ஊழியர்களுக்குத் தானாகவே செய்தி அனுப்பி "நலமா" என்று பதில் வாங்கிப் பதிவு செய்கின்றன. அந்த அலுவலக எண் உங்களிடம் இருக்கிறதா?

தேடும்போது நம் பெயர்களே குழப்பம் தரும். ஊரில் "ரா. முருகன்" என்பவர் இங்கே கடவுச்சீட்டில் இருக்கிறபடி அப்பா பெயரோடு சேர்ந்து நீளமாக இருப்பார். பள்ளியிலும் நிறுவனத்திலும் கதகானா என்ற ஜப்பானிய எழுத்தில் வேறொரு ஒலியில் இருப்பார். 2011-இல் நிவாரண முகாம் சுவர்களில் ஒட்டிய கையெழுத்துப் பட்டியல்களைப் படமெடுத்து அனுப்ப, தன்னார்வலர்கள் உட்கார்ந்து லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்களைத் தட்டச்சு செய்து கூகுளின் ஆள் தேடும் பக்கத்தில் ஏற்றினார்கள். அப்படியொரு பட்டியலில் நம் பிள்ளையைக் கண்டுபிடிக்க, கடவுச்சீட்டின் முதல் பக்கமும் இங்கே தரும் குடியிருப்பு அட்டையும் படமாக உங்கள் போனில் இருக்க வேண்டும்.

கடைசியாக 171. இது என்டிடி தொலைபேசி நிறுவனம் நடத்தும் பேரிடர்த் தகவல் எண், 1998-இலிருந்து இருக்கிறது. ஜப்பானுக்குள்ளிருந்து அழைத்து 30 விநாடி குரலைப் பதிந்து வைக்கலாம். வெளிநாட்டிலிருந்து இந்த எண்ணை அழைக்க முடியாது. ஆனால் இதன் இணையப் பக்கமான வெப் 171-ஐ ஊரிலிருந்தே திறந்து, பிள்ளையின் எண்ணைக் கொடுத்து, அவர் எழுதி வைத்ததைப் படிக்கலாம், பதிலும் எழுதலாம். ஆங்கிலத்திலும் இருக்கிறது. மாதாமாதம் 1, 15 தேதிகளில் யார் வேண்டுமானாலும் ஒத்திகை பார்க்கலாம். வருகிற அந்தத் தேதியில் பிள்ளையை வீடியோ அழைப்பில் வைத்துக்கொண்டு ஒரு தடவை செய்து பாருங்கள்.

ஸ்மார்ட்போன் பழக்கமில்லாத அப்பா அம்மாக்கள் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். இதைப் படிக்கும் இளைஞர்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் போய், "ஜப்பான்ல இருக்கிற அண்ணன் நம்பர் குடுங்க, செய்தி வந்தா நான் வந்து சொல்றேன்" என்று கேட்டு வாங்கி வையுங்கள். அந்த எண்ணுக்கு இன்றே ஒரு வணக்கம் அனுப்பி, நீங்கள் யார் என்று சொல்லிவிடுங்கள். அறியாத எண்ணிலிருந்து வரும் செய்தியை நாங்கள் அந்த நேரத்தில் திறக்க மாட்டோம்.

இப்படிக்கு,
எடோகவா, யோகொஹாமா வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் சில