ஊசல் அங்கே, மாணவர் இங்கே!

1672-ம் ஆண்டு. பிரெஞ்சு விஞ்ஞானி ழான் ரிஷே கப்பல் ஏறி, தென் அமெரிக்காவில் உள்ள கயேன் என்ற ஊருக்குப் போனார். பாரீசில் நொடி தவறாமல் ஆடிய ஊசல், அங்கே மெதுவாக ஆடியது! அதன் நீளத்தைச் சற்றுக் குறைத்த பிறகே கணக்குச் சரியாக வந்தது.

காரணம் என்ன? பூமி தன்னைத் தானே சுற்றுகிறது. நடுவில் சற்றுப் பருத்தும் இருக்கிறது. துருவத்தைவிடப் பூமத்திய ரேகை, பூமியின் மையத்திலிருந்து சுமார் 21 கிலோமீட்டர் கூடுதல் தொலைவில் உள்ளது. அதனால் அங்கே பூமியின் இழுப்பு சற்றுக் குறைவு.

இந்த வித்தியாசத்தை அளக்க இன்று கப்பல் ஏற வேண்டியதில்லை. ஜெர்மன் பௌதிக ஆய்வாளர்கள் "உலக ஊசல்" என்ற ஏற்பாட்டை உருவாக்கி, 2007-ல் அதை விளக்கி எழுதினார்கள். ஒரே மாதிரியான ஊசல்களை வெவ்வேறு ஊர்களில் தொங்கவிட்டு, இணையத்துடன் சேர்ப்பதே அந்த ஏற்பாடு.

மாணவர் தம் ஊரில் இருந்தபடியே பொத்தானை அழுத்துகிறார். எங்கோ ஒரு மோட்டார் கனத்த குண்டை இழுத்து விடுகிறது. ஒளிக்கதிர் ஒவ்வோர் ஆட்டத்தின் நேரத்தையும் அளக்கிறது. காமிரா அதைக் காட்டுகிறது. இது பொம்மைப் படம் அல்ல. உண்மையான குண்டு, உண்மையாகவே ஆடுகிறது!

இதனால் பெரிய நன்மை உண்டு. விலை உயர்ந்த கருவியை எல்லாக் கல்லூரிகளும் வாங்க முடியாது. ஒரு கல்லூரி வாங்கினால் பல கல்லூரிகள் பயன்படுத்தலாம். இரவில் சும்மா கிடக்கும் கருவி, வேறு தேசத்து மாணவருக்கு உழைக்கும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. 1998-ல் இத்தகைய சோதனைச்சாலையைத் தொடங்கியது. பின்னர் நைஜீரியா, உகாண்டா, தான்சானியா பல்கலைக்கழகங்களும் அந்தத் திட்டத்தில் சேர்ந்தன.

ஆனால், ஓர் எச்சரிக்கை. "இணையம் இருக்கிறதே, சோதனைச்சாலை எதற்கு?" என்று எந்தக் கல்லூரியும் கதவைப் பூட்டிவிடக் கூடாது. திருகைத் திருகி, கம்பியைப் பூட்டி, தவறு செய்து, திருத்திப் படிக்கும் பாடம் வேறு. கரையில் நின்று நீச்சல் பழக முடியுமா? கைக்கு எட்டாத கருவிக்கு இணையம் உதவட்டும். கைக்கு எட்டுவதைக் கையாலேயே செய்ய வேண்டும்.

பெற்றோர்களே! ஒரு மீட்டர் நூலில் ஒரு சிறு கல்லைக் கட்டி, உங்கள் குழந்தையிடம் கொடுங்கள். இலேசாக ஆட்டிவிடச் சொல்லுங்கள். அது பத்து முறை போய் வர சுமார் 20 நொடி ஆகும். எண்ணிப் பார்க்கட்டும். விஞ்ஞானம் அங்கேதான் தொடங்குகிறது.