‘முயல்தானே!’ என்போருக்கு ஒரு மறுப்பு



தமிழில் இரண்டே எழுத்துகளால் ஓர் உயிரைத் தள்ளுபடி செய்துவிட முடியும். ‘தானே’ என்பவைதாம் அந்த இரண்டு எழுத்துகள். ‘முயல்தானே!’ என்று கடந்த ஆறு மாதங்களில் என்னிடம் எத்தனை பேர் சொன்னார்கள் என்று நான் எண்ணி வைக்கவில்லை. உடன் பணிபுரியும் ஆசிரியர்கள் சொன்னார்கள். பெற்றோர்கள் சொன்னார்கள். விலங்குகளுக்கு மருத்துவம் பார்க்கும் இடத்திலேயே ஒருவர் சொன்னார். தனித்தனியே விடை கூறிக் களைத்துவிட்டதால், எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். சிலருக்குக் கசக்கலாம், பொறுத்தருள்க.

நடந்தது இதுதான். அறிவியல் வாரத்தில் மாணவர்களுக்குக் காட்டுவதற்காக எங்கள் பள்ளிக்கு ஒரு வெள்ளை முயல் வாங்கப்பட்டது. விலை 60 வெள்ளி. மாணவர்கள் அதற்கு ‘வெள்ளையன்’ என்று பெயர் சூட்டினர். ஐந்து நாள் வரிசையில் நின்று தடவிக் கொடுத்தனர். கேரட்டும் பிஸ்கட்டும் ஊட்டினர். வாரம் முடிந்தது. பதாகைகளைச் சுருட்டிப் பொருளறைக்குள் வைத்தோம். கூண்டைச் சுருட்ட முடியாதல்லவா? அதை நடைபாதையின் ஓரத்தில் வைத்தோம். இரண்டாம் வாரம் முயல் தும்மத் தொடங்கியது.

மூக்கில் வெண்மையான சளி. முன்னங்கால்களின் உட்புற மயிர் ஈரமாகிச் சடை பிடித்திருந்தது. மூக்கு ஒழுகும் முயல் தன் கால்களாலேயே துடைத்துக்கொள்ளும் என்பதை அப்போது நான் அறியேன். ‘சளிதானே, போய்விடும்’ என்றார் ஒருவர். ‘கற்பூரவள்ளிச் சாறு கொடுங்கள், டீச்சர்’ என்றார் இன்னொருவர். கூண்டுக்குள் தைலம் தடவிய துணியைத் தொங்கவிடச் சொன்னவரும் உண்டு. வெள்ளையனை நான் வீட்டுக்குத் தூக்கிச் சென்றேன்.

பிறகு தொடங்கியது மருத்துவர் தேடும் படலம். ஜார்ஜ் டவுனில் நான் சென்ற முதல் இடத்தில், கூண்டைத் திறக்காமலேயே பார்த்துவிட்டு மூன்று நாள் மருந்து தந்தார்கள். “முயல்தானே, பெரிதாகச் செலவழிக்காதீர்கள்” என்ற அறிவுரையும் கிடைத்தது. தும்மல் ஒரு வாரம் அடங்கியது. மறு வாரம் இருமடங்காகத் திரும்பியது. இரண்டாம் இடத்தில் மருத்துவர் நேராகவே சொல்லிவிட்டார்: “நாங்கள் நாய், பூனைக்கு மட்டுமே பார்க்கிறோம். முயலுக்குப் போதிய பயிற்சி எனக்கில்லை.” அன்று அவர் மீது சினம் கொண்டேன். இன்று அவரை வணங்குகிறேன். அறியாததை அறியேன் என்று சொல்லும் துணிவு, கூண்டைத் திறக்காமல் மருந்து கொடுக்கும் கைகளுக்கு இல்லை.

மூன்றாம் மருத்துவரைக் காணப் பாலத்தைக் கடந்து செபராங் பிறைக்குச் செல்ல வேண்டியிருந்தது. அவர் முதலில் பார்த்தது மூக்கை அன்று, பல்லை! நான் திகைத்தேன். அவர் விளக்கினார். முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். நாரில்லாத உணவையே தின்றால் அவை தேய்வதில்லை. மேல்தாடைப் பல்லின் வேர் நீண்டு கண்ணீர்க் குழாயை அழுத்தினாலும் கண்ணும் மூக்கும் ஒழுகும். அத்தகைய முயலுக்குச் சளி மருந்து மட்டும் கொடுத்துப் பயனில்லை. எனவே பல்லைப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, மூக்கின் உட்பகுதியிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பினார். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று தெரிந்த பின்னரே முழுச் சிகிச்சையைத் தொடங்கினார். பல வாரங்கள் மருந்து, நெபுலைசர் கருவியால் மூச்சுவழி மருந்து, உணவில் முழு மாற்றம் என நான்கு மாதங்கள் கடந்தன. மொத்தச் செலவு ஏறத்தாழ 700 வெள்ளி.

‘60 வெள்ளி முயலுக்கு 700 வெள்ளியா!’ என்று நீங்கள் வியப்பது எனக்குக் கேட்கிறது. அதற்கு வருகிறேன். அதற்கு முன், ‘சளிதானே’ என்பவர்களுக்கு ஒரு சொல்.

முயல் நம்மைப் போல் மூக்கடைத்தால் வாயால் மூச்சுவிட்டுச் சமாளிக்கும் உயிரன்று. இயல்பிலேயே அது மூக்கால் சுவாசிப்பது. வாயைத் திறந்து மூச்சு வாங்கும் நிலைக்கு அது வந்துவிட்டால், உயிர் ஊசலாடுகிறது என்று பொருள். மணம் உணர முடியாமல் உணவை நிறுத்திவிட்டால் அடுத்த ஆபத்து குடலில் தொடங்கும். ஒரு நாள் உண்ணாதிருந்தாலே குடலியக்கம் நின்றுபோகக்கூடும். மூக்கில் தங்கிய கிருமி காதுக்குள் சென்றால் தலை ஒருபுறம் சாய்ந்துவிடும். நுரையீரலுக்குச் சென்றால் சீழ் கட்டும். இத்தனையையும் முயல் ஓசையின்றித் தாங்கும். வேட்டையாடப்படும் விலங்கு தன் நோயை மறைப்பது இயற்கை. அது கத்தவில்லை என்பதால் அதற்கு வலியில்லை என்று நாம் முடிவு கட்டுகிறோம்!

வீட்டில் மிஞ்சிய பிள்ளையின் மருந்தைக் கொடுத்துப் பார்க்கலாமே என்பாருக்கு இன்னும் கடுமையாகவே சொல்வேன். நம் பிள்ளைகளுக்குச் சாதாரணமாகத் தரப்படும் அமோக்சிசிலின், முயலின் வாய்வழியே சென்றால் அதன் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து, நச்சை உண்டாக்கும் கிருமிகளைப் பெருகவிட்டுக் கொன்றுவிடக்கூடும். முயலால் வாந்தியெடுக்கவும் முடியாது. அன்போடு ஊட்டினாலும் நஞ்சு நஞ்சுதான். ‘நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்’ என்று சாதிக்கும் பிடிவாதம் பழமொழியில் நகைப்புக்குரியது. மருந்துக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சாதித்தால் அது கொலை.

வெள்ளையனின் மூக்கில் இருந்த கிருமியின் பெயர் பாஸ்டுரெல்லா மல்டோசிடா. முயல்களிடம் பரவலாகக் காணப்படுவது. பல முயல்களின் மூக்கில் தீங்கின்றி ஒதுங்கியிருந்து, உடல் தளரும்போது தலைதூக்குவது. உடல் ஏன் தளர்ந்தது? மருத்துவர் கேட்ட கேள்விகளுக்கு நான் தலைகுனிந்தே விடை சொன்னேன். கூண்டின் தட்டு எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவப்பட்டது? சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா மூக்கின் உட்தோலை அரிக்கும். கூண்டு எங்கே இருந்தது? 31, 32 பாகை வெயில் அடிக்கும் பினாங்கின் நண்பகலில், காற்றோட்டமில்லாத நடைபாதையில். வியர்த்து உடலைக் குளிர்விக்க இயலாத விலங்கு அது. பெரும்பாலும் காதுகளின் வழியேதான் வெப்பத்தை வெளியேற்றும். என்ன தின்றது? கேரட்டும் பிஸ்கட்டும். உண்மையில் அதன் உணவில் பெரும்பங்கு உலர்புல்லாக இருக்க வேண்டும். ஆக, நோயை வரவேற்றவர்கள் நாங்களே. அந்த நடைபாதையில் நாள்தோறும் நடந்த நானும் அதில் ஒருத்தி.

2019 செப்டம்பரில் புகைமூட்டம் சூழ்ந்தபோது பினாங்கிலும் பள்ளிகளை மூடினார்கள். பிள்ளைகளின் நுரையீரலுக்காக நாம் கதவுகளை அடைத்தோம். முகக்கவரி தேடி அலைந்தோம். சரியானதே. நம் பிள்ளையினும் பன்மடங்கு சிறிய நுரையீரல் கொண்ட ஓர் உயிரை நடைபாதையில் வைத்துவிட்டு, ‘உயிருள்ளவை சுவாசிக்கும்’ என்று வகுப்பில் பாடம் நடத்துகிறோமே, அது எப்படிச் சரியாகும்?

இங்கே ஒரு வரலாற்றுக் கடனையும் நினைவூட்ட விரும்புகிறேன். அந்தக் கிருமியின் பெயரில் இருப்பவர் நம் மாணவர்கள் நன்கறிந்த லூயி பாஸ்டர். கோழிகளைக் கொல்லும் இதே கிருமியை ஆய்ந்தபோதுதான், வலுவிழந்த கிருமியைக் கொண்டே நோயைத் தடுக்கலாம் என்று 1880-ஆம் ஆண்டுவாக்கில் அவர் கண்டார். 1885-இல் வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனைக் காப்பாற்ற அவர் செலுத்திய தடுப்பு மருந்து, நோயுற்று இறந்த முயல்களின் முதுகுத்தண்டை உலர்த்தித் தயாரிக்கப்பட்டது. 2015-இல் பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் கண்டறியப்பட்டபோது நாம் எவ்வளவு அஞ்சினோம்! தடுப்பு மருந்து இருக்கிறது என்ற ஆறுதலின் தொடக்கத்தில் எத்தனையோ முயல்களின் உயிர் இருக்கிறது. இன்றைய மருந்து வேறு முறையில் தயாராகிறது; ஆயினும் கடன் கடன்தான். அந்த இனத்தைப் பார்த்தா ‘முயல்தானே’ என்கிறோம்?

இனி, அந்த 700 வெள்ளி.

‘மனிதனுக்கே மருந்து கிடைக்காத உலகில் முயலுக்கு ஏன் இவ்வளவு?’ என்பது வலுவான வாதம் போலத் தோன்றும். இந்த வாதத்தை முன்வைத்த எவரும் அந்தப் பணத்தை ஓர் ஏழை நோயாளிக்குக் கொடுத்து நான் கண்டதில்லை. அது ஒருபுறம் இருக்கட்டும். முயல் தானாக நம் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. நாம்தான் விலை கொடுத்து வாங்கி, அடைத்து, அதன் வாழ்வை நம் கையில் எடுத்துக்கொண்டோம். 700 வெள்ளி பெரிய தொகைதான். என் சம்பளத்திலும் அது பெரிய தொகையே. இயலாத குடும்பத்தை நான் ஒருபோதும் குறை கூறமாட்டேன். ஆனால் மருத்துவச் செலவு இயலாது என்றால், வாங்குவதும் இயலாது என்றுதான் பொருள். கூண்டின் விலையைக் கேட்கும்போதே இதையும் கணக்கிட வேண்டும். 2011-இலும் 2023-இலும் சீன நாள்காட்டியில் முயல் ஆண்டு வந்தது. அழகுக்கென்றும் அதிர்ஷ்டத்துக்கென்றும் வாங்க நினைப்பவர் ஒன்றை மறக்கலாகாது: முயல் ஆண்டு பன்னிரண்டு மாதத்தில் முடிந்துவிடும், நன்றாகப் பேணப்பட்ட முயல் எட்டு, பத்து ஆண்டுகள் வாழும்.

‘செத்தால் வேறொன்று வாங்கலாம்’ என்பது மூன்றாவது வாதம். இதைத்தான் நான் மிகவும் வெறுக்கிறேன். ஏனெனில் இதைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: “டீச்சர், வெள்ளையனுக்கு ரொம்ப நாளா சரியாகலன்னா வேற வாங்கிடுவாங்களா?” அவள் வீட்டில் பாட்டி படுத்த படுக்கையாக இருப்பது எனக்குத் தெரியும். நீண்ட நாள் நோயுற்றால், செலவு மிகுந்தால், பயன் குறைந்தால், மாற்றிவிடலாம் என்ற பாடத்தை எந்தப் பாடநூலும் கற்பிக்கவில்லை. நடைபாதையில் கிடந்த கூண்டு கற்பித்துக்கொண்டிருந்தது.

சட்டமும் நம் பக்கம் இல்லை. 2015-இல் இயற்றப்பட்டு 2017-இல் நடைமுறைக்கு வந்த விலங்குகள் நலச் சட்டம், தகுந்த இடம், தகுந்த உணவு, வலியிலிருந்தும் நோயிலிருந்தும் பாதுகாப்பு ஆகியவற்றை விலங்கின் உரிமையாளர் கடமையாக வைத்திருக்கிறது. கொடுமை இழைப்போருக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி வரை தண்டம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ‘முயல்தானே’ என்ற விலக்கு அதில் இல்லை.

மருத்துவர்களை மட்டும் நான் நொந்துகொள்ளவில்லை. முயல் பார்க்கத் தெரிந்தவர் அரிதாக இருப்பதில் நமக்கும் பங்குண்டு. ‘என்னவாகப் போகிறாய்?’ என்று கேட்டால் நம் மாணவர்கள் மருத்துவர், வழக்கறிஞர், பொறியியலாளர் என்கிறார்கள். எவளேனும் ஒருத்தி கால்நடை மருத்துவர் என்றால், ‘மாட்டு டாக்டரா?’ என்று சிரிக்கிறோம். கறவை மாடு வளர்த்துப் பால் விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த தாத்தாக்களின் பேரர்கள் நாம்! செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்திலும் மலேசியக் கிளந்தான் பல்கலைக்கழகத்திலும் அந்தப் படிப்பு உண்டு. அடுத்த முறை சிரிக்காதீர்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இவை:

1. பேண ஆளும் பணமும் விடுமுறைக்கால ஏற்பாடும் இல்லாத பள்ளி, விலங்கை வாங்க வேண்டாம். படமும் காணொளியும் போதும்.

2. வாங்கும் முன்னரே முயல் பார்க்கும் மருத்துவர் யார் என்று விசாரித்து வையுங்கள். “நீங்கள் முயலுக்குச் சிகிச்சை அளிப்பதுண்டா? பல்லையும் பார்ப்பீர்களா?” என்று தொலைபேசியிலேயே கேளுங்கள்.

3. தும்மல், மூக்கொழுகல், ஈரமான முன்னங்கால், உணவு மறுப்பு, இவற்றில் எதைக் கண்டாலும் காத்திருக்காதீர்கள். வீட்டு மருந்தும் மனித மருந்தும் வேண்டா.

4. பிள்ளைகளையும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். செலவையும் சொல்லுங்கள். பொறுப்பு என்பது என்ன என்று அவர்கள் அங்கே கற்பார்கள்.

வெள்ளையன் முழுமையாகக் குணமாகவில்லை. இந்நோய் பல முயல்களில் அடங்குமேயன்றி அறவே நீங்குவதில்லை என்று மருத்துவர் முதலிலேயே சொல்லிவிட்டார். காலையில் இரண்டு மூன்று தும்மல் இன்னும் உண்டு. ஆனால் புல்லை அரைத்துத் தின்கிறான். என் காலடிச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்கிறான்.

இறுதியாக ஒன்று. ‘தமிழ்ப்பள்ளிதானே!’ என்று பிறர் சொல்லக் கேட்டவர்கள் நாம். கூரை ஒழுகியபோதும் வகுப்பறை போதாதபோதும் அந்த இரண்டு எழுத்துகள் நம்மை எப்படிச் சுட்டன என்பது நமக்குத் தெரியும். அச்சொல்லின் சூட்டை அறிந்த நம் நாவிலிருந்து, நம்மினும் எளிய ஓர் உயிரை நோக்கி அது வரலாமா?

சிந்தியுங்கள்.