புயலுக்குச் சலுகை, வேலையிழந்தவருக்குத் தண்டம்

கொரோனாவால் பாதிக்கப்பட்டவர்கள் ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கிலிருந்து ஒரு இலட்சம் டொலர் வரை முன்கூட்டியே எடுக்க அமெரிக்கக் காங்கிரஸ் 2020இல் வழிவிட்டது. 10 வீதத் தண்டம் நீக்கப்பட்டது. வருமான வரியை 2020, 2021, 2022 என மூன்று ஆண்டுகளுக்குப் பகிர்ந்து கட்டலாம். நல்ல சட்டம், மறுப்பதற்கில்லை.

அச்சலுகை அவ்வாண்டோடு போயிற்று. 2022இல் வந்த சட்டம் அதனை நிரந்தரமாக்கியது. ஆனால் யாருக்கு? ஜனாதிபதி பிரகடனஞ் செய்த பேரிடரில் நட்டமடைந்தவருக்கு மட்டும். அதுவும் 22,000 டொலர் வரை.

புயல் கூரையைப் பெயர்த்தால் மூன்றாண்டு. தொழிற்சாலை மூடப்பட்டால்? நாற்பத்தைந்து வயதில் வேலையிழந்த ஒருவர் வயிற்றுப்பாட்டுக்கு 60,000 டொலர் எடுத்தாரென்று வைத்துக்கொள்வோம். தண்டம் மட்டும் 6,000 டொலர். போதாக்குறைக்கு முழுத்தொகையும் அவ்வொரே ஆண்டின் வருமானமாகக் கணக்கிடப்பட்டு, அவரை உயர்ந்த வரிப்படிக்குத் தள்ளவும் கூடும். வேலையே இல்லாதவர், காகிதத்தில் மட்டும் வசதியானவர்!

சலுகை தந்தால் முதுமைக்கான பணம் கரைந்துவிடுமாம். வாதம் சரியென்றே கொள்வோம். அப்படியாயின் தண்டமாகப் பிடுங்கிய 6,000 டொலர் எங்கே போகிறது? அவரது முதுமைக் கணக்குக்கா? திறைசேரிக்கல்லவா!