அந்தி அழகும் அடைபட்ட வாய்க்காலும்

தில்லிக்குச் சென்று வரும் நம் அன்பர்கள் ஹவ்ஸ் காஸ் தடாகத்தில் கதிரவன் மறையும் காட்சியை வியந்து எழுதாமல் விடுவதில்லை. மதரஸாவின் வளைவுகள், பொன்னிறம் பூத்த நீர், கூடு திரும்பும் பறவைகள்! “நம் சுல்தான்கள் சமைத்தது” என்ற பெருமிதம் வேறு. அழகை இரசிப்பது குற்றமன்று. ஆனால், அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்று அவர்களுள் எத்தனை பேர் வினவினர்?

அந்தி வண்ணம் காட்டுவதற்காக அத்தடாகம் வெட்டப்படவில்லை. அலாவுத்தீன் கில்ஜி (ஆட்சி 1296–1316) தாம் எழுப்பிய சீரி நகரத்தாரின் தாகம் தீர்க்கவே அங்கு மழைநீரைத் தேக்கினார். சில பத்தாண்டுகளிலேயே அது தூர்ந்து போயிற்று. பின்வந்த ஃபிரோஸ் ஷா துக்ளக் (ஆட்சி 1351–1388) அந்த அவலத்தைத் தம் நூலிலேயே பதிந்துள்ளார். தடாகத்தில் நீரில்லை, உள்ளே பயிர் செய்தனர், கிணறு தோண்டி அந்நீரை விற்கவும் செய்தனர். ஊர்ப் பொதுநீரின் வயிற்றிலேயே கிணறு வெட்டி, ஊராருக்கே விலைக்கு விற்ற கொடுமையைப் பாருங்கள்! சுல்தான் அதைத் தூர்வாரி மீண்டும் நீர் நிறையச் செய்தார். 1352 வாக்கில் அதன் கரையில் மதரஸாவும் எழுந்தது.

இருபதாம் நூற்றாண்டில் வரலாறு திரும்பியது. நகரம் பெருகியது, மழைநீர் வந்த வழிகள் அடைபட்டன, தடாகம் வறண்டது. இன்று அங்கே மின்னுவது சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர்! ஏறத்தாழ 50 ஹெக்டேர் பரந்திருந்த தடாகத்தில் எஞ்சியிருப்பது ஒரு சிறு பகுதியே. கரையிலுள்ள கட்டடங்களைக் காப்பது தொல்லியல் துறை. நீரைக் கவனிப்பது தில்லி வளர்ச்சி ஆணையம். கல்லுக்கு ஒரு காவலர், தண்ணீருக்கு வேறொரு காவலர்! நீரின்றிக் கரைக்குப் பொருளுண்டோ?

“எந்த நீரானால் என்ன, கண்ணுக்கு இனிமையாக இருக்கிறதே” என்பர் சிலர். வறண்ட குழியைவிட அது மேல்தான், மறுக்கவில்லை. ஆயினும் கண்ணை நிறைக்கும் நீர் வேறு, தாகம் தீர்க்கும் நீர் வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதன் இழப்பை மறைப்பது முறையாகாது. எஞ்சியுள்ள மழைநீர் வழிகளைக் கண்டறிந்து திறக்க வேண்டும். கரையும் நீரும் ஒரே பொறுப்பில் பேணப்பட வேண்டும்.

வெட்டியவரின் பெயரைச் சொல்லிப் பெருமை கொள்வது எளிது. தூர்வாரியவரின் வழி நிற்பதே கடினம். நம்மிடம் இன்று குறைவாக இருப்பது அந்தப் பின்னதே அன்றோ?