இரும்புத் தையல்

பழைய சீன வீடுகளில் புழங்கிய மரவைகள் இன்று வரவேற்பறை அலங்காரங்களாகிவிட்டன. தானியம் அளந்த ‘தோவ்’ (பத்து ‘ஷெங்’ கொண்டது ஒரு தோவ்), மாவு பிசைந்த தொட்டி, ஒரே கட்டையில் குடைந்தெடுத்த கிண்ணம் எனப் பலவற்றிலும் விரிசலின் குறுக்கே ‘ப’ வடிவில் வளைத்து அறைந்த இரும்புக் கவ்விகளைக் காணலாம். இவற்றைப் பற்றி எழுதுவோர் உடனே ஜப்பானியரின் கிண்ட்சுகியைத் துணைக்கழைத்து, குறையே அழகு என்று ஓதத் தொடங்கிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

கிண்ட்சுகி மீது பகையொன்றுமில்லை. உடைந்த பீங்கானை அரக்கால் ஒட்டி, ஒட்டிய கோட்டில் பொற்பொடி தூவும் அக்கலை, தேநீர்ச் சடங்கின் நயம் அறிந்த கண்களை எதிர்நோக்குவது. சீனத்துக் கவ்வி எந்த ரசிகனையும் எதிர்நோக்கி அறையப்பட்டதன்று. வடசீனத்தின் வறண்ட குளிர்காலத்தில் மரம் ஈரமிழந்து சுருங்கும். நார்களுக்குக் குறுக்காகவே மிகுதியும் சுருங்குவதால் வரியோடு பிளக்கும். பருவந்தோறும் விரிந்து சுருங்கும் மரத்தைப் பசை மட்டும் நெடுநாள் பிடித்து வைக்காது. கவ்வி அப்பிளவை மேலும் ஓடவிடாமல் நிறுத்தும். கசிவை அடைக்கச் சுண்ணாம்பைத் துங் எண்ணெயில் குழைத்த மக்கு உண்டு. படகுகளின் இடுக்குகளை அடைத்ததும் அதே மக்குதான். நாளைக்கும் மாவு பிசைந்தாக வேண்டும், அவ்வளவே கணக்கு.

பீங்கானுக்கும் இதே வைத்தியம்தான். வைரமுனைத் துரப்பணத்தோடு ஊர்ஊராகத் திரிந்து கிண்ணங்களைத் தைத்த தொழிலாளர்கள் இருந்தார்கள். ஜாங் யீமோவின் ‘தி ரோட் ஹோம்’ (1999) படத்தில், மகள் மனத்தில் வரித்த ஆசிரியன் உண்ட கிண்ணம் உடைந்துபோக, பார்வையற்ற தாய் அதை அப்படி ஒருவரிடம் தைக்கக் கொடுக்கிறாள். துளையிடுவதையும் கவ்வி பொருத்துவதையும் கேமரா அவசரமின்றிப் பார்த்துக்கொண்டிருக்கும். தத்துவம் பேச அங்கே எவருக்கும் நேரமில்லை.

அழகு இல்லை என்று நான் சொல்லவரவில்லை. அழகைக் கருதாத கை விட்டுச்சென்ற அழகு அது. ஆகவேதான் அதன்மேல் மீண்டும் கைவைப்பது உறுத்துகிறது. இரும்பும் மரத்தின் துவர்ப்புச் சத்தும் ஈரத்தில் கலந்து கவ்வியைச் சுற்றிக் கருநீலக் கறை படரும். விற்பனைக்காக அதைச் சுரண்டி மெழுகு பூசும்போது அழிவது அழுக்கன்று, அந்த வீட்டின் புழக்கம். கவ்வி அறைந்த பக்கத்தைச் சுவரை நோக்கித் திருப்பி வைப்போரும் உண்டு. அதையாவது விட்டுவிடலாம்.