தோளைப் பார்த்து கிடார் வாங்கலாமா?

1942-ல் கிப்சன் நிறுவனம் ஒரு கிடாரை 45 டாலர் விலைக்குச் சந்தையில் இறக்கியது. பெயர் வைக்க ரொம்ப யோசித்ததாகத் தெரியவில்லை. ஜம்போவுக்கு ஒரு 'ஜே', விலைக்கு ஒரு 45. ஆக, ஜே-45. கொஞ்ச காலத்தில் அதற்கு ஒரு பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் 'வண்டிக்குதிரை'. பந்தயத்தில் ஓடுகிற குதிரை இல்லை. கொடுத்த பாரத்தை முனகாமல் இழுக்கிற குதிரை.

அமெரிக்கப் பணவீக்கக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அந்த 45 டாலர் இன்றைக்கு 900 டாலருக்குப் பக்கத்தில் வரும். ஆனால் மொன்டானா மாநிலத்தில் போஸ்மன் ஊரில் இன்று தயாராகும் புது ஜே-45 ஸ்டாண்டர்ட் 3000 டாலரை ஒட்டி விற்கிறது. கூலி ஏறிவிட்டது, மரம் விலை ஏறிவிட்டது என்று எவ்வளவு கழித்தாலும் இடையில் ஒரு பெரிய தொகை மிச்சம் நிற்கிறது. அது எதற்கான காசு? சரிந்த தோள் கிடார் வாங்க ஆசைப்படும் ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான். 'செட்டியார் முறுக்கா, சரக்கு முறுக்கா' என்று பெரியவர்கள் கேட்டது இதைத்தான்.

அதென்ன சரிந்த தோள்?

கிடாரின் கழுத்து உடம்போடு சேருகிற இடத்தைப் பாருங்கள். மார்ட்டின் நிறுவனத்தின் ட்ரெட்நாட் கிடாரில் அந்த இடத்திலிருந்து இரண்டு பக்கமும் தோள் விறைப்பாக நிற்கும், அணிவகுப்பில் நிற்கும் சிப்பாய் மாதிரி. கிப்சன் 1934-ல் கொண்டு வந்த ஜம்போவில் அதே தோள் வழுக்கிக்கொண்டு கீழே இறங்கும், மூட்டை தூக்கிப் பழகியவர் தோள் மாதிரி. அந்த ஜம்போவுக்குப் பிறகு ஜே-35 வந்தது. அதன் இடத்துக்கு ஜே-45 வந்தது. அதையே வெளிர் மர நிறத்தில் செய்தால் ஜே-50. கொஞ்சம் அலங்காரம் கூட்டினால் சதர்ன் ஜம்போ.

வாங்கியவர்களும் சாதாரணப்பட்டவர்கள் இல்லை. வுடி கத்ரி சதர்ன் ஜம்போ வைத்திருந்தார். லைட்னிங் ஹாப்கின்ஸ் ஜே-50 வாசித்தார். 1962-ல் வந்த பாப் டிலனின் முதல் ஆல்பத்தின் அட்டையில் அவர் பிடித்திருப்பதும் ஜே-50தான். பட்டி ஹாலி தன் ஜே-45க்குத் தன் கையாலேயே தோல் உறை செய்து போட்டார். சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். படத்தில் பார்த்த தோள் மனதில் பதிந்துவிடுகிறது. அந்தத் தோள் இருந்தால் அந்தச் சத்தமும் இருக்கும் என்று வாங்குபவர் நம்பிவிடுகிறார்.

இது உண்மையா? கிப்சனின் சொந்தச் சரித்திரமே 'இல்லை' என்கிறது.

முதல் சாட்சி, ஜே-160ஈ. 1962-ல் ஜான் லெனானும் ஜார்ஜ் ஹாரிசனும் ஆளுக்கொன்று வாங்கிய மாடல். தூரத்திலிருந்து பார்த்தால் ஜே-45-ன் உடன்பிறப்பு. அதே சரிந்த தோள், அதே வெயில் நிறம். ஆனால் மேல்பலகை ஒட்டுப்பலகை. உள்ளே பலகையைத் தாங்கும் குச்சிகள் 'எக்ஸ்' வடிவத்தில் குறுக்காகப் போகாமல் ஏணிப்படி மாதிரி அடுக்கப்பட்டிருக்கும். மேடையில் ஒலிபெருக்கியோடு சேர்ந்தால் ஊளையிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அந்த வேலைக்கு நல்ல கிடார். ஒயரைக் கழற்றிவிட்டு வாசித்தால் ஜே-45-ன் சத்தத்தோடு ஒப்பிடவே முடியாது. தோள் ஒன்று, குரல் வேறு.

இரண்டாவது சாட்சி, எபிஃபோன் டெக்ஸன். கிப்சன் எபிஃபோனை வாங்கிய பிறகு அதே கலமசூ தொழிற்சாலையில் 1958 முதல் செய்த கிடார். 1965-ல் 'யெஸ்டர்டே' பாட்டுக்கு பால் மக்கார்ட்னி வாசித்தது இதைத்தான். அதே தோள், அதே ஸ்ப்ரூஸ் மேல்பலகை, அதே மஹாகனி முதுகு. ஒரே பெரிய வித்தியாசம் கம்பி நீளம். ஜே-45-ல் 24.75 அங்குலம், டெக்ஸனில் 25.5 அங்குலம்.

முக்கால் அங்குலத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். அதே கம்பியை அதே சுருதிக்கு ஏற்றினால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்து மாறும். கணக்குப் போட்டால் ஜே-45-ல் ஏறக்குறைய 6 சதவீதம் குறைவு. விரலுக்குக் கம்பி கொஞ்சம் தளர்வாகப் படும், வளைப்பது சுலபம். சத்தமும் நீண்டு ரீங்கரிக்காமல் 'தும்' என்று விழுந்து சீக்கிரம் அடங்கும். பாடுகிறவர் குரலுக்கு இடம்விடுகிற சத்தம் என்று ஜே-45ஐப் புகழ்வதற்குக் குட்டைக் கம்பி, மஹாகனி, எக்ஸ் தாங்கி மூன்றும் சேர்ந்துதான் காரணம். தோளின் சரிவுக்கு அதில் கிடைக்கும் பங்கு சின்னது.

ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "தோள் சரிவா?" என்பதல்ல. அது கண்ணுக்கே தெரிகிறது. "கம்பி நீளம் எவ்வளவு? மேல்பலகை ஒரே மரமா, ஒட்டுப்பலகையா?" இந்த இரண்டும்தான். சரிந்த தோளோடு நீளக் கம்பியும் ஒட்டுப்பலகையும் வைத்து விற்கப்படும் மாடல்கள் உண்டு. அவை மோசமான கிடார்கள் என்று அர்த்தமில்லை. ஆனால் ஜே-45 சத்தத்தை நினைத்து அவற்றை வாங்கினால் ஏமாற்றம்தான்.

பழசென்றால் பொன்னா?

அடுத்த மயக்கம் பழசு. உலகப் போர் நேரத்தில் செய்த கிடார்களின் தலையில் ஒரு நாடாவும் அதில் ஒரு பெருமைவாசகமும் அச்சாகி இருக்கும். சேகரிப்பாளர்கள் 'பேனர்' கிடார் என்று உருகுவது இவற்றைத்தான். ஆண்கள் போருக்கும் போர்த் தளவாட வேலைக்கும் போய்விட்டதால் கலமசூவில் அவற்றில் பெரும்பகுதியைச் செய்தவர்கள் பெண்கள். போர்க்காலத்தில் இரும்புக்குத் தட்டுப்பாடு. கழுத்துக்குள் இருக்க வேண்டிய கம்பித்தண்டு சில கிடார்களில் கிடையாது. சிலவற்றில் ஸ்ப்ரூஸுக்குப் பதில் மஹாகனி மேல்பலகை. சிலவற்றில் துண்டு துண்டாக ஒட்டிய மேப்பிள் கழுத்து. இருந்ததை வைத்துச் சமைத்த சமையல். அதில் அற்புதமாக வந்தவை நிறைய. ஆனால் ஒன்று போல இன்னொன்று இருக்காது. 'பேனர்' என்ற பெயருக்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது என்பதுதான் இதன் பாடம்.

பிறகு வந்த காலம் இன்னும் சிக்கல். 1950-களின் மத்தியிலிருந்து திருகாணியால் உயரம் மாற்றும் ப்ரிட்ஜ் வந்தது. மேல்பலகை துள்ள வேண்டிய இடத்திலேயே கூடுதல் எடை. 1960-களின் தொடக்கத்தில் சிலவற்றுக்கு ப்ளாஸ்டிக் ப்ரிட்ஜ். 1965 வாக்கில் கழுத்தின் அகலம் நட் இருக்கும் இடத்தில் சுருங்கியது. விரல் தடித்தவர்கள் அதில் கார்டு பிடித்துப் பார்த்தால் தெரியும் அவஸ்தை. 1960-களின் கடைசியில் சரிந்த தோளே போய் ஜே-45 சதுரத் தோளாகிவிட்டது. 1970-களில் உள்ளே தாங்கிகள் கனத்தன. பழைய தோள் திரும்பி வந்தது 1980-களில்தான். போஸ்மன் தொழிற்சாலை தொடங்கியது 1989-ல். ஆக 'வின்டேஜ் ஜே-45' என்ற ஒரே சொல்லுக்குள் ஏழெட்டு விதமான கிடார்கள் இருக்கின்றன. வயது மட்டும் எதையும் சொல்லாது.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 2023-ல் கிப்சன் 'மர்ஃபி லேப்' என்ற பெயரில் புது அகூஸ்டிக் கிடாரிலேயே கீறலும் வெடிப்பும் போட்டு விற்க ஆரம்பித்தது. சாதாரண ஜே-45-ஐவிடக் கணிசமாக அதிக விலை. பி.காம். முதல் வருடத்தில் தேய்மானம் என்றால் சொத்தின் மதிப்பு குறைவது என்று சொல்லித் தருகிறார்கள். இங்கே தேய்மானத்தையே காசு கொடுத்து வாங்குகிறார்கள். எந்த லெட்ஜரில் எழுதுவது? :-)

மர விஷயம்

பழசில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. அந்தக்கால கிப்சன்களின் விரல்பலகையும் ப்ரிட்ஜும் பெரும்பாலும் பிரேசில் ரோஸ்வுட். அந்த மரம் 1992 முதல் அழிந்துவரும் உயிரினங்களுக்கான சர்வதேச ஒப்பந்தத்தின் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. உரிய அனுமதிப் பத்திரம் இல்லாமல் நாடு விட்டு நாடு விற்க முடியாது. மற்ற ரோஸ்வுட் வகைகளும் 2017-ல் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தன. நம் மலைகளில் தோதகத்தி, ஈட்டி என்று சொல்லும் இந்திய ரோஸ்வுட்டும் அதில் உண்டு. இன்றைய கிடார்களில் அதிகம் புழங்குவது இந்த மரம்தான். 2019-ல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. ஆனால் பிரேசில் மரத்துக்கு அந்த விலக்கு கிடையாது. வெளிநாட்டிலிருந்து பழைய ஜே-45 வரவழைக்க நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது சத்தத்தை அல்ல, காகிதத்தை.

சரி, என்னதான் வாங்குவது?

வண்டிக்குதிரை வேண்டுமென்றால் வண்டிக்குதிரை விலையிலேயே இன்று கிடைக்கிறது. 2020-ல் எபிஃபோன் ஒரு ஜே-45ஐ வெளியிட்டது. மேல்பலகை மட்டுமல்ல, முதுகும் பக்கமும் ஒரே மரம், ஒட்டுப்பலகை கிடையாது. விலை கிப்சனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆரம்பத்தில் போட்ட அந்தப் பணவீக்கக் கணக்கு நினைவிருக்கிறதா? ஏறக்குறைய அதே தொகை! ஈஸ்ட்மன் நிறுவனமும் ஈ10எஸ்எஸ் என்று முழுமரத்தில் ஒன்று செய்கிறது. சதுரத் தோளுக்குப் பேர்போன மார்ட்டினே டிஎஸ்எஸ்-17 என்று ஒரு சரிந்த தோள் கிடார் செய்தது. இன்று அந்தத் தோள் யாருக்கும் தனிச்சொத்தாக இல்லை.

எதை எடுத்தாலும் கடையில் பார்க்க வேண்டியவை சில:

* கிடாரை கண் மட்டத்தில் பிடித்து ப்ரிட்ஜின் பின்பக்கம் பாருங்கள். லேசான வீக்கம் சகஜம். மேடாக எழும்பி ப்ரிட்ஜ் பெயர்ந்து நின்றால் வேண்டாம்.
* பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பி எவ்வளவு உயரம் நிற்கிறது, ப்ரிட்ஜில் இருக்கும் வெள்ளைச் சட்டம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். கம்பி உயரமாகவும் சட்டம் குட்டையாகவும் இருந்தால் கழுத்தையே கழற்றி ஒட்ட வேண்டிய செலவு காத்திருக்கிறது.
* விறுவிறுவென்று நாலு கார்டு அடித்துவிட்டு வைக்காதீர்கள். மெதுவாக, பாடிக்கொண்டே வாசியுங்கள். குரல் அமுங்காமல் கேட்டால் அது இந்த இனத்தின் நல்ல கிடார்.
* ஒரே மாடலில் இரண்டு மூன்று இருந்தால் எல்லாவற்றையும் வாசித்துப் பாருங்கள். மரம் ஒன்றுபோல இருக்காது.
* முழுமரக் கிடார் கடலோர ஊரின் ஈரக்காற்றில் உப்பும், ஏசி அறையில் சுருங்கும். பெட்டியும் ஈரம் காட்டும் சின்ன மீட்டரும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போட வேண்டியவை.

எதிர்க்கட்சி என்ன சொல்லும் என்பது தெரிந்ததே. "கிப்சன் என்று தலையில் எழுதியிருந்தால் நாளைக்கு விற்கும்போது காசு திரும்பும். எபிஃபோனுக்கு அது உண்டா?" நியாயமான வாதம். பெயருக்குச் சந்தையில் மதிப்பு இருப்பது பொய்யில்லை. மேடையே பிழைப்பாக இருப்பவருக்கு போஸ்மன் கிடார் சம்பாதித்தும் கொடுக்கும். போஸ்மனில் நல்ல கிடார்கள் வருவதையும் யாரும் மறுக்க முடியாது. ஆனால் மறுவிற்பனை மதிப்பை மனதில் வைத்து வாங்கியவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். கீறல் விழுந்துவிடுமோ என்று பெட்டியைத் திறக்கவே தயங்குகிறார். நண்பர் கேட்டால் தருவதில்லை. மொட்டைமாடிக்குக் கொண்டு போவதில்லை. வட்டி வராத ஃபிக்சட் டெபாசிட் மாதிரி கிடார் மூலையில் கிடக்கிறது. மாணவர் ஒருவர் இதைக் கடன் வாங்கிச் செய்தால் இன்னும் மோசம். மாதத் தவணை ஓடும், விரல் ஓடாது.

கத்ரியும் ஹாப்கின்ஸும் இந்தக் கிடாரை எடுத்த நாளில் அது யாருக்கும் முதலீடாக இருக்கவில்லை. கைக்கு எட்டுகிற விலையில் நம்பி எடுத்துப் போகக்கூடிய வேலைக்கருவியாக இருந்தது. தேய்ந்த கிடார்களின் படங்களைப் பார்த்து இன்று பெருமூச்சு விடுகிறோம். அந்தத் தேய்மானம் தினமும் வாசித்ததால் வந்தது. அதை மட்டும் எந்தத் தொழிற்சாலையும் பெட்டியில் வைத்து விற்க முடியாது. கீறல் விழுந்தாலும் வயிறு எரியாத விலைக்கு ஒன்றை வாங்கி, அடுத்த பத்து வருடத்தில் அதன் முகத்தைத் தேய்த்துக் காட்டுங்கள். சரிந்த தோளுக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.